காற்புள்ளிக்கு அப்பால்: ஞாயிறு வாசகங்களும் சிங்கப்பூர்த் தமிழ் மறையுரையும்

1. கேள்வி

கத்தோலிக்க ஆலயத்தின் வாசக மேடையில் விரித்து வைத்திருக்கும் வாசக நூலில், ஒவ்வொரு பகுதிக்கும் மேலே சிறிய எழுத்தில் அதன் இடம் அச்சாகியிருக்கும். பொதுக்காலத்தின் 7ஆம் ஞாயிறு, முதலாம் ஆண்டு என்றால் அங்கே இருப்பது 'லேவியர் 19: 1-2, 17-18'. வாசிப்பவர் அந்த எண்களைச் சொல்வதில்லை. 'லேவியர் நூலிலிருந்து வாசகம்' என்று மட்டும் அறிவித்துவிட்டுப் படிப்பார். 2ஆம் வசனத்திலிருந்து 17ஆம் வசனத்துக்குக் குரல் தடங்கலில்லாமல் போய்விடும். கேட்பவர்களுக்கு அது ஒரே மூச்சில் எழுதப்பட்ட பத்தி போலவே ஒலிக்கும். இடையில் இருந்த 14 வசனங்கள் ஒரு காற்புள்ளிக்குள் அடங்கிவிட்டன. அவற்றில் 13ஆம் வசனம், கூலியாளின் ஊதியத்தை விடியும்வரை உன்னிடம் வைத்துக்கொள்ளாதே என்று கட்டளையிடுகிறது.

இதில் சதி எதுவும் இல்லை. அந்த ஞாயிறின் நற்செய்தி, பகைவரை நேசிக்கச் சொல்லும் மத்தேயு 5ஆம் அதிகாரப் பகுதி. அதற்குத் துணையாக, அடுத்தவரை நேசி என்ற கட்டளை லேவியரிலிருந்து தேவைப்பட்டது. அதை மட்டும் எடுத்தார்கள். ஆனால் எடுத்த முறை ஒரு விளக்கம். அடுத்தவரை நேசிப்பது என்றால் என்ன என்பதற்கு லேவியர் நூல் தரும் விடை அந்த 14 வசனங்களில்தான் இருக்கிறது: அறுவடையில் ஏழைக்கும் அந்நியருக்கும் கதிர் விட்டுவைப்பது, கூலியைத் தாமதிக்காதிருப்பது, காது கேளாதவரைப் பழிக்காதிருப்பது, தீர்ப்பில் ஓரவஞ்சனை காட்டாதிருப்பது. அவற்றை நீக்கினால் நேசம் ஒரு மனநிலையாகச் சுருங்கிவிடுகிறது. கூலியைப் பற்றிய வசனம் ஞாயிற்றுக்கிழமை கேட்கப்படாமல் போவது எல்லா ஊருக்கும் ஒரே மாதிரியான இழப்பா? தமிழ்நாட்டிலிருந்து வந்து கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்பவர்கள் ஞாயிறு ஒரு நாளில் மட்டும் கோவிலுக்கு வரக்கூடிய சிங்கப்பூரில், ஞாயிறு மறையுரை எழுதுபவருக்கும் சொல்பவருக்கும் இந்தக் காற்புள்ளி என்ன பொறுப்பைக் கொடுக்கிறது? இந்தக் கட்டுரை ஆராய்வது இதைத்தான்.

2. 1969இல் தொகுக்கப்பட்ட நூல்

நாம் இன்று 'ஞாயிறு வாசகங்கள்' என்று சொல்லும் ஏற்பாடு பலர் நினைப்பதைவிட இளையது. 1570இல் வெளிவந்த திருப்பலி நூலின்படி ஒரே ஓர் ஆண்டுச் சுழற்சிதான் இருந்தது; ஞாயிறுகளில் பழைய ஏற்பாடு ஏறத்தாழ கேட்கப்படவே இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, விவிலியத்தின் கருவூலத்தை மக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறந்துவிட வேண்டும் என்று பணித்தது. அதன் விளைவாக 1969 மே மாதம் புதிய வாசக வரிசை அறிவிக்கப்பட்டு, அதே ஆண்டு திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறான நவம்பர் 30 முதல் நடைமுறைக்கு வந்தது. மூன்று ஆண்டுச் சுழற்சி: முதலாம் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா; யோவான் தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் இடம்பெறுகிறார்; மாற்கு சிறியது என்பதால் இரண்டாம் ஆண்டில் யோவான் 6ஆம் அதிகாரம் ஐந்து ஞாயிறுகளுக்கு நீள்கிறது. இந்த அமைப்பு எவ்வளவு வெற்றிகரமானது என்பதற்கு ஒரு சான்று போதும்: 1992இல் சீர்திருத்தச் சபைகள் பல சேர்ந்து உருவாக்கிய பொது வாசக வரிசை இதையே அடித்தளமாகக் கொண்டது.

ஆனாலும் தாராளம் என்ற சொல்லை அளந்து பார்க்கலாம். இயேசு சபைக் குருவான விவிலிய அறிஞர் பெலிக்ஸ் ஜஸ்ட் வசனவாரியாகக் கணக்கிட்டிருக்கிறார். புதிய வரிசையில் ஞாயிறுகளிலும் பெருவிழாக்களிலும் புதிய ஏற்பாட்டின் 40.8 விழுக்காடு வாசிக்கப்படுகிறது. முன்பு அது 16.5 விழுக்காடு. திருப்பாடல்கள் நீங்கலாகப் பழைய ஏற்பாட்டிலோ 3.7 விழுக்காடுதான். முன்பு இருந்த ஒரு விழுக்காட்டை நினைத்தால் இது முன்னேற்றம். ஞாயிறு மட்டும் வருபவரின் காதில் விழும் பழைய ஏற்பாடு இருபத்தைந்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்றும் இதையே சொல்லலாம். எஞ்சியதில் ஒரு பகுதி வாரநாள்களுக்குப் போயிருக்கிறது. கூலி பற்றிய லேவியர் வசனம் முற்றாக ஒதுக்கப்படவில்லை. தவக்காலத்தின் முதல் வாரத் திங்கட்கிழமை, ஆண்டுதோறும், 11 முதல் 18 வரையான வசனங்களோடு முழுமையாக வாசிக்கப்படுகிறது. அந்நிய நாட்டில் கதிர் பொறுக்கிப் பிழைத்த மோவாபியப் பெண் ரூத்தின் கதை, ஓராண்டு விட்டு ஓராண்டு, 20ஆம் வாரத்தின் வெள்ளி, சனிக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஞாயிறு வரிசையில் ரூத்து நூலுக்கு இடமே இல்லை. புலம்பெயர்ந்து உழைப்பவர் தன்னை அடையாளம் காணக்கூடிய இரண்டு பகுதிகளும் அவர் வேலைக்குப் போகும் நாள்களில் வாசிக்கப்படுகின்றன.

வெட்டப்பட்ட வடிவிலாவது லேவியர் ஞாயிறன்று கேட்கிறதே என்று ஆறுதல் கொள்ளவும் நாள்காட்டி இடம் தரவில்லை. பொதுக்காலத்தின் 6ஆம் ஞாயிறுக்குப் பின் வருபவை, தவக்காலம் எப்போது தொடங்குகிறது என்பதைப் பொறுத்து வரும் அல்லது விடுபடும். முதலாம் ஆண்டின் 7ஆம் ஞாயிறு கடைசியாக 2023 பிப்ரவரி 19இல் வந்தது. 2026இல் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 18 என்பதால் அந்த ஞாயிறு இல்லை. 2029, 2032, 2035 ஆகிய முதலாம் ஆண்டுகளிலும் உயிர்ப்பு ஞாயிறு சீக்கிரமே வருவதால் இல்லை. உயிர்ப்பு ஏப்ரல் 25 வரை தள்ளிப்போகும் 2038இல்தான், பிப்ரவரி 21 அன்று, அது மறுபடி வரும். ஞாயிறு வாசகத்தை மட்டும் நம்பியிருப்பவர் லேவியர் 19இன் அந்த நான்கு வசனங்களைக் கேட்கவே பதினைந்து ஆண்டு காத்திருக்க வேண்டும்.

3. தமிழில் ஞாயிறு விளக்கம்

ஞாயிறு நற்செய்திக்குத் தமிழில் விளக்கம் எழுதும் வழக்கம் வத்திக்கான் சங்கத்தோடு தொடங்கியதல்ல. கோவாவில் 1676இல் பிறந்து, 1705இல் இலங்கை சேர்ந்து, 1742இல் அங்கேயே மறைந்த யாகோமே கொன்சால்வெஸ் அடிகளின் 'சுவிசேஷ விரித்துரை' இந்த வகையின் முன்னோடி. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்கள் மறைந்து நடமாடிய காலம் அது. ஓர் ஊருக்குக் குரு வந்து போவது எப்போதாவதுதான். மற்ற ஞாயிறுகளில் அண்ணாவியோ மூப்பரோ கூட்டத்தைச் சேர்த்துச் செபம் சொல்லி, கையிலுள்ள நூலைப் படித்துக் காட்டுவார்கள். குரு இல்லாத இடத்தில் குருவின் குரலாக நின்றதுதான் இந்த எழுத்து வகையின் பிறப்பு. தமிழ்நாட்டில் வீரமாமுனிவர் 1727இல் 'வேதியர் ஒழுக்கம்' எழுதியதும் இதே தேவையை முன்னிட்டுத்தான். உபதேசியார்கள் எப்படி நடக்க வேண்டும், எப்படிப் போதிக்க வேண்டும் என்பது அதன் பொருள்.

இன்றைய ஞாயிறு விளக்கங்களுக்கு வழிகள் பல. தமிழக ஆயர்களின் வார இதழான 'நம் வாழ்வு', வத்திக்கான் வானொலியின் தமிழ்ப் பிரிவு, மணிலாவிலிருந்து இயங்கும் வேரித்தாஸ் வானொலி, மறைமாவட்ட வெளியீடுகள், மறையுரைத் தொகுப்புகள், இப்போது கைப்பேசிக் குழுக்களில் சனிக்கிழமை இரவு வந்து விழும் குரல் பதிவுகள். 1995இல் கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு இவை அனைத்துக்கும் ஒரே மொழியைக் கொடுத்தது. இந்த விளக்கங்கள் பெரும்பாலும் பழகிப்போன ஒரு வார்ப்பில் வருகின்றன. ஒரு குட்டிக்கதை, பிறகு 'இன்றைய மூன்று வாசகங்களும் நமக்கு உணர்த்தும் மையக்கருத்து' என்று ஒரு வாக்கியம், பிறகு முதல் வாசகம், இரண்டாம் வாசகம், நற்செய்தி ஆகியவற்றை அந்த மையக்கருத்தில் கோக்கும் மூன்று பத்திகள், கடைசியில் வாழ்வுக்கான பாடம். நன்றாக எழுதப்பட்டவற்றில் விவிலியப் புலமையும் தமிழ் நயமும் குறைவில்லை. சிக்கல் அந்த 'மூன்று வாசகங்களும்' என்பதில் இருக்கிறது.

பொதுக்கால ஞாயிறுகளில் முதல் வாசகம் நற்செய்தியோடு பொருந்துமாறு தேர்ந்தெடுக்கப்பட்டது உண்மை. இரண்டாம் வாசகம் அப்படி இல்லை. பவுலின் திருமுகங்களையும் யாக்கோபையும் வாராவாரம் அங்கங்கே விட்டுவிட்டுத் தொடர்ந்து வாசித்துப் போகும் தனித் தடம் அது. நற்செய்தியின் அருகில் அது நிற்பது நாள்காட்டியின் தற்செயல். வாசக நூலின் முன்னுரையே, 68ஆம் எண்ணில், மறையுரைக்கு வசதியாக இருக்கும் என்பதற்காக வாசகங்களுக்கிடையே கருத்து ஒருமையைத் திணிக்க வேண்டாம் என்றே முடிவு செய்ததாகவும், அப்படிச் செய்வது வழிபாட்டின் இயல்புக்கு ஒவ்வாது என்றும் சொல்கிறது. ஆக, மையக்கருத்துத் தேடும் வார்ப்பு வாசக நூலுக்கு விசுவாசமானது போலத் தோன்றினாலும், அந்த நூல் வேண்டாம் என்று ஒதுக்கியதைத்தான் செய்கிறது. முதல் வாசகத்துக்கும் நற்செய்திக்கும் தொகுப்பாளர்கள் போட்ட முடிச்சை விவிலியத்தின் முடிச்சாகவே எடுத்துக்கொள்வதால், அந்த முடிச்சுக்காக எது வெட்டப்பட்டது என்று கேட்கும் பழக்கமும் இல்லாமல் போகிறது.

4. ஓபிர் ரோடு

சிங்கப்பூரின் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு ஓபிர் ரோட்டில் உள்ள லூர்து அன்னை ஆலயம் தாய்ப்பங்கு. பாரிஸ் அந்நிய வேதபோதக சபையின் குருக்கள் இங்கே சீனருக்கும் தமிழருக்கும் சேர்த்தே ஊழியம் செய்தவர்கள். 1870இல் குவீன் ஸ்திரீட்டில் எழுந்த புனித இராயப்பர் சின்னப்பர் ஆலயத்தை இரு சமூகமும் பகிர்ந்துகொண்டன. தமிழர்களுக்குத் தனி ஆலயமாக 1888இல் லூர்து அன்னை ஆலயம் திறக்கப்பட்டது. பிரான்சின் லூர்து பேராலயத்தை முன்மாதிரியாகக் கொண்ட கோத்திக் கட்டடம்; 2005 முதல் தேசிய நினைவுச் சின்னம். 1974 வரை தமிழ்ப் பங்காக இருந்து, பிறகு பகுதிவாரிப் பங்காக எல்லா இனத்தவருக்கும் உரியதானது. தமிழ்த் திருப்பலி தொடர்ந்தது.

அந்தத் திருப்பலியில் அமர்ந்திருப்பவர்கள் ஒரே வகையினர் அல்லர். நான்காம் ஐந்தாம் தலைமுறைச் சிங்கப்பூரர்கள், நிரந்தரவாசிகளான கணினித் துறையினர், இல்லப் பணிப்பெண்கள், வொர்க் பெர்மிட்டில் வந்த ஊழியர்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காட்டினர் மட்டுமே வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி தமிழ் என்றார்கள். அந்தக் கணக்கில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும்தான் உண்டு. வொர்க் பெர்மிட் ஊழியர்கள் அதில் சேரமாட்டார்கள். உள்ளூர்த் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் ஆங்கிலத் திருப்பலிக்குப் போய்விடும் போக்கில், ஞாயிறு தமிழ் வாசகத்தை வேறு வழியின்றித் தமிழிலேயே கேட்க வேண்டியவர்களாக வெளிநாட்டு ஊழியர்களின் இடம் பெரிதாகிறது. ஆனால் அவர்களுக்கு வந்து சேரும் விளக்கங்கள் அநேகமாகத் தமிழ்நாட்டிலோ ரோமிலோ எழுதப்பட்டவை. அவற்றில் வரும் வயல், வரப்பு, வட்டிக்காரர் எல்லாம் ஊரின் நினைவுகள். தங்கும் விடுதியும் ஏஜென்ட் கட்டணமும் அவற்றில் இல்லை.

5. இரண்டாகப் பிளந்த யாக்கோபு

வாசகத்தை வெட்டும் இடம் எவ்வளவு முக்கியமானது என்பதை ஒரு குறிப்பிட்ட ஞாயிறைக் கொண்டு பார்க்கலாம். 2013 டிசம்பர் 8, திருவருகைக்காலத்தின் 2ஆம் ஞாயிறு. அன்றிரவு ரேஸ்கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷயர் ரோடும் சந்திக்கும் இடத்தில் தமிழக ஊழியர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்தார். அதைத் தொடர்ந்து வெடித்தது லிட்டில் இந்தியா கலவரம். அடுத்த ஞாயிறு, டிசம்பர் 15, அந்த வட்டாரத்தில் மது விற்பனைக்கும் அருந்துவதற்கும் தடை. ஊழியர்களை விடுதிகளிலிருந்து அழைத்துவரும் தனியார் பேருந்துகள் நிறுத்தப்பட்டிருந்தன. அன்று உலகெங்கும் கத்தோலிக்க ஆலயங்களில் ஒலித்த இரண்டாம் வாசகம் யாக்கோபு 5: 7-10. பொறுமையாய் இருங்கள், மழைக்குக் காத்திருக்கும் உழவரைப் பாருங்கள், ஒருவர் மேல் ஒருவர் குறை சொல்லாதீர்கள் என்பது அதன் சாரம்.

ரேஸ்கோர்ஸ் ரோட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஓர் ஆலயத்தில், அந்த வாரத்தில், இந்த வாசகம் தனியாகக் கேட்டால் அது உழைப்பாளியைப் பார்த்து அடங்கி இரு என்று சொல்வது போலவே இருக்கும். யாக்கோபு அப்படிச் சொல்லவில்லை. 7ஆம் வசனத்துக்கு முந்தைய ஆறு வசனங்கள் செல்வர்களை நோக்கிய கடும் கண்டனம்: அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் நீங்கள் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அந்தக் குரல் ஆண்டவரின் செவிக்கு எட்டிவிட்டது என்பது அதன் உள்ளடக்கம். அப்படிக் கூலி மறுக்கப்பட்டவர்களிடம் திரும்பி, தீர்ப்பளிப்பவர் வாசலில் நிற்கிறார், அதுவரை மனம் தளராதீர்கள் என்பதே 7 முதல் 10 வரை. முதல் ஆறு வசனங்கள் இல்லாமல் பொறுமைக்குப் பொருளே வேறாகிவிடுகிறது. வாசக நூல் அந்த ஆறு வசனங்களை மறைக்கவில்லை. இரண்டாம் ஆண்டின் 26ஆம் ஞாயிறுக்கு வைத்திருக்கிறது. கலவரத்துக்குப் பின் அவை வாசிக்கப்பட்ட முதல் ஞாயிறு 2015 செப்டம்பர் 27. கண்டனத்துக்கும் ஆறுதலுக்கும் இடையில் இருபத்தொரு மாதம். அதுவும் தலைகீழ் வரிசையில்.

இங்கே எச்சரிக்கை ஒன்று வேண்டும். கலவரத்தை ஆராய்ந்த விசாரணைக் குழு 2014இல் அளித்த அறிக்கையில், ஊதியமும் தங்குமிடமும் குறித்த அதிருப்தி கலவரத்துக்குக் காரணமல்ல என்றும், விபத்தும், அது குறித்த தவறான புரிதலும், மதுவும்தான் காரணிகள் என்றும் முடிவு செய்தது. அந்த முடிவை ஏற்றாலும் மறுத்தாலும், யாக்கோபு 5: 1-6ஐ அந்த இரவுக்கு விளக்கமாகப் பயன்படுத்துவது மறையுரையாளரின் வேலை அல்ல. அப்படிச் செய்வது விவிலியத்தைத் துண்டுப்பிரசுரமாக்கும். ஆனால் அன்றைய வாசகத்தின் முன்பகுதி எங்கே இருக்கிறது, அதில் யாரிடம் என்ன சொல்லப்பட்டது என்று இரண்டு நிமிடம் சொல்வது வாசகத்துக்கு நேர்மையாக இருப்பது. அதைச் சொல்லாமல் விட்டால்தான் வசனம் அரசியலாகிறது: உழைப்பவருக்கு மட்டும் உபதேசம், உழைப்பை வாங்குபவருக்கு மௌனம் என்ற அரசியல்.

6. மாலையில் கொடுத்த கூலி

திராட்சைத் தோட்ட வேலையாள்களின் உவமை, மத்தேயு 20: 1-16, முதலாம் ஆண்டின் 25ஆம் ஞாயிறுக்கு உரியது. 2020இல் அது செப்டம்பர் 20 அன்று வந்தது. கொவிட் பரவலால் தங்கும் விடுதிகளில் முடக்கப்பட்டிருந்த ஊழியர்கள் அப்போதும் ஓய்வு நாளில் விருப்பப்படி வெளியே போக முடியாத நிலை. குறைந்த எண்ணிக்கையில் லிட்டில் இந்தியாவுக்குச் சென்றுவர அனுமதிக்கும் முன்னோடித் திட்டமே 2021 செப்டம்பரில்தான் தொடங்கியது. சந்தை வெளியில் வேலைக்காக நிற்பவர்கள், யாரும் எங்களை வேலைக்கு அமர்த்தவில்லை என்று சொல்பவர்கள், முழுநாளும் வெயிலில் பாடுபட்டவர்கள் என்று விவிலியத்தில் கூலித் தொழிலாளியின் உலகம் இவ்வளவு நெருக்கமாக வேறெங்கும் வருவதில்லை.

வாசக நூல் இதனோடு இணைத்திருப்பது எசாயா 55: 6-9. கடவுளின் எண்ணங்கள் மனித எண்ணங்களுக்கு எவ்வளவோ மேலானவை என்பது அதன் கரு. இந்த இணைப்பு உவமையை ஒரே திசைக்குத் திருப்பிவிடுகிறது: கடவுளின் தாராளம் நம் கணக்குக்கு அப்பாற்பட்டது. எனவே விளக்கங்களில் திராட்சைத் தோட்டம் விண்ணரசாகிறது, தெனாரியம் அருளாகிறது, கடைசியில் வந்தவர்கள் மனம் திரும்பிய பாவிகளாகிறார்கள். இது தவறான வாசிப்பு என்று சொல்ல மாட்டேன்; பழமையான வாசிப்பும்கூட. ஆனால் இந்த உவமையில் கவனிக்காமல் கடந்து போகும் ஒரு செய்தி உண்டு. மாலையானதும் நில உரிமையாளர் மேற்பார்வையாளரை அழைத்துக் கூலியைக் கொடுக்கச் சொல்கிறார். ஏன் மாலையில்? லேவியர் 19: 13ம், சூரியன் மறையுமுன் ஏழைக் கூலியாளுக்கு ஊதியம் கொடு என்னும் இணைச்சட்டம் 24: 15ம் அப்படிக் கட்டளையிடுகின்றன. தெனாரியம் ஒரு நாள் பிழைப்புக்கான கூலி; அன்றைக்குக் கிடைக்காவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. உரிமையாளரின் தாராளம் சட்டத்தைக் கடைப்பிடித்த பிறகு, அதற்கு மேல் தொடங்குகிறது. நீதி அடித்தளம், கருணை அதன் மேல் மாடி. திங்கட்கிழமைக்கு ஒதுக்கப்பட்ட வசனம் இல்லாமல் ஞாயிறு உவமையின் பாதி விளங்காது. இணைச்சட்டத்தின் அந்தப் பகுதி ஞாயிறு வரிசையில் எங்கும் வருவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூரில் இதற்கு ஒப்பீடு தேடி அலைய வேண்டியதில்லை. வேலை நியமனச் சட்டத்தின்படி, சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் சம்பளம் கொடுக்கப்பட வேண்டும். மிகைநேர ஊதியத்துக்கு 14 நாள். 2016 ஏப்ரல் முதல் விவரங்கள் அடங்கிய சம்பளச் சீட்டு கட்டாயம். விடியுமுன் கொடு என்ற பழைய கட்டளையின் நவீன வடிவம் இது. உவமையை விளக்கும்போது இந்த 7 நாள் விதியைச் சொல்வது, எசாயாவின் உயர்ந்த வானத்தைக் கைவிடுவதாகாது.

வாசக நூலுக்கு நியாயமும் செய்ய வேண்டும். அதன் இணைப்புகள் எப்போதும் உழைப்பாளிக்கு எதிராகத் திரும்புவதில்லை. அதே முதலாம் ஆண்டின் 30ஆம் ஞாயிறில், கடவுளை நேசி, அடுத்தவரை நேசி என்ற முதன்மைக் கட்டளைக்குத் துணையாக இணைச்சட்டம் 6ஐயோ லேவியர் 19ஐயோ எடுத்திருக்கலாம். இயேசு மேற்கோள் காட்டுவது அவற்றைத்தான். தொகுப்பாளர்கள் எடுத்ததோ விடுதலைப் பயணம் 22: 20-26. அந்நியரை ஒடுக்காதே, நீங்களும் எகிப்தில் அந்நியராய் இருந்தீர்கள், ஏழைக்குக் கடன் கொடுத்தால் வட்டி வாங்காதே, அடகாக வாங்கிய போர்வையைக் கதிரவன் மறையுமுன் திருப்பிக் கொடு என்னும் பகுதி. ஏஜென்ட் கட்டணத்துக்காக ஊரில் வட்டிக்குக் கடன் வாங்கி, முதல் ஓராண்டுச் சம்பளத்தை அதற்கே அனுப்பும் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான வாசகத்தைத் தேட முடியாது. மூன்றாம் ஆண்டின் 25, 26ஆம் ஞாயிறுகளில் வரும் ஆமோசும் அப்படியே. எனவே என் வாதம் வாசக நூலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதல்ல. ஒவ்வொரு இணைப்பும் ஒரு தேர்வு என்பதால், நல்ல தேர்வை நல்ல தேர்வு என்றும், குறையுள்ளதைக் குறையுள்ளது என்றும் பகுத்துச் சொல்லும் பொறுப்பு விளக்கம் எழுதுபவருக்கு இருக்கிறது என்பதே.

7. எதிர்வாதங்கள்

வலுவான முதல் எதிர்வாதம் இது: வாசக நூலின் பயனே குருவின் விருப்பு வெறுப்பிலிருந்து மக்களைக் காப்பாற்றுவது. தனக்குப் பிடித்த வசனத்தைத் தானே தேர்ந்து பேசும் போதகர்கள் எத்தகைய ஊறு செய்ய முடியும் என்பதற்குத் தமிழுலகில் சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. வெட்டப்பட்ட வசனங்களை மறையுரையில் கொண்டுவரலாம் என்றால், பின்வாசல் வழியாக அதே சுதந்திரம் நுழைந்துவிடாதா? நுழையலாம் என்பதை மறுக்க முடியாது. அதனால்தான் வரம்பு வேண்டும். வாசகத்தை மாற்றும் உரிமை மறையுரையாளருக்கு இல்லை. தொலைவிலிருந்து வசனம் இழுத்துவருவதும் நான் சொல்வதல்ல. அன்றைய பகுதி எந்த அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டதோ அதில் விடுபட்டது, அதன் உடனடி முன்பின், நற்செய்தி தானே சார்ந்திருக்கும் சட்டம் என்ற அளவோடு நின்றால், குருவின் மனம்போன போக்குக்கு இடமில்லை. வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. 1511 டிசம்பர் 21, திருவருகைக்காலத்தின் 4ஆம் ஞாயிறு, சாந்தோ தொமிங்கோவில் தொமினிக்கன் துறவி அந்தோனியோ தே மோந்தெசினோஸ், பூர்வகுடிகளைக் கசக்கிப் பிழிந்த ஸ்பானியரை நேருக்கு நேர் கண்டித்தார். அதற்காக அவர் வேறு வசனம் தேடவில்லை. பாலைநிலத்தில் ஒலிக்கும் குரல் என்று திருமுழுக்கு யோவான் தன்னைச் சொல்லிக்கொள்ளும் அன்றைய நற்செய்தியையே எடுத்துக்கொண்டு, அந்தக் குரல் நான்தான் என்றார். நியமிக்கப்பட்ட வாசகம் அவர் வாயை அடைக்கவில்லை. பேசும் தைரியத்தைத் தந்தது.

இரண்டாவது எதிர்வாதம் சிங்கப்பூருக்கே உரியது. இங்கே சமயமும் அரசியலும் கலக்கக்கூடாது. 1987 மே 21 தொடங்கிய கைதுகளில் 22 பேர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்த் தடுத்துவைக்கப்பட்டார்கள். வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவிய கேலாங் கத்தோலிக்க நிலையத்தோடும் பிற திருச்சபை அமைப்புகளோடும் தொடர்புடையவர்கள் அவர்களில் இருந்தார்கள். அரசு அதை மார்க்சியச் சதி என்றது. தடுத்துவைக்கப்பட்டவர்கள் பலர் பின்னர் மறுத்தார்கள். 1990இல் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் வந்தது. இந்தப் பின்னணியில் மறையுரைகள் தனிமனித ஒழுக்கத்தின் எல்லைக்குள் நின்றுகொள்வது விளங்கிக்கொள்ளக்கூடியதே. ஆனால் இன்று அந்த எல்லை அவ்வளவு குறுகலாக இல்லை. 2024 செப்டம்பர் 12 அன்று சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில், நாட்டின் தலைவர்கள் முன்னிலையில், போப் பிரான்சிஸ் வெளிநாட்டு ஊழியர்களின் கண்ணியம் காக்கப்பட வேண்டும், அவர்களுக்கு நியாயமான ஊதியம் உறுதிசெய்யப்பட வேண்டும் என்று வெளிப்படையாகவே பேசினார். பதினேழு நாள் கழித்து, செப்டம்பர் 29 ஞாயிறு, உலகப் புலம்பெயர்ந்தோர் மற்றும் அகதிகள் நாள். அன்றைய இரண்டாம் வாசகம் யாக்கோபு 5: 1-6. நாட்டின் சட்டமே 7 நாளுக்குள் சம்பளம் கொடு என்னும்போது, அதையே சொல்லும் வசனத்தை மேடையிலிருந்து சொல்வதில் கலகம் எங்கே இருக்கிறது?

மூன்றாவதை எழுப்புபவர்கள் பெரும்பாலும் பங்கு மக்களே. தமிழ்த் திருப்பலிக்கு வருபவர்கள் எல்லோரும் கூலித் தொழிலாளர்களா? ஆசிரியர்கள், பொறியாளர்கள், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள் அமர்ந்திருக்கும் இடத்தில் வாராவாரம் சம்பளம் பற்றியே பேசினால் அவர்களுக்கு என்ன கிடைக்கும்? வாராவாரம் வேண்டாம் என்பதில் கருத்து வேறுபாடில்லை; மேலே காட்டிய ஞாயிறுகள் மூன்று ஆண்டில் ஆறேழுதான். ஆனால் இந்தக் கேள்வி வசனங்கள் யாரை நோக்கியவை என்பதைத் தவறாகப் புரிந்துகொள்கிறது. லேவியர் 19: 13 கூலியாளிடம் பேசவில்லை, கூலி கொடுப்பவரிடம் பேசுகிறது. யாக்கோபு 5: 1-6 அறுவடை செய்தவர்களைப் பற்றியது, நிலம் வைத்திருப்பவர்களிடம் சொல்லப்பட்டது. வீட்டில் பணிப்பெண் வைத்திருக்கும் நடுத்தரக் குடும்பம்தான் இந்த வசனங்களின் நேரடி முகவரி. சிங்கப்பூரில் இல்லப் பணிப்பெண்கள் வேலை நியமனச் சட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை. அவர்களுக்கான விதிகள் தனி. வார ஓய்வு நாள் 2013இலிருந்து உண்டு என்றாலும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் அதற்குப் பதில் பணம் கொடுக்கலாம். 2023 ஜனவரி முதல், மாதத்தில் ஒரு நாளையாவது பணமாக மாற்ற முடியாது. அந்த ஒரு நாள் ஞாயிறாகவே அமைந்து, அவர் கோவிலுக்கும் வருவார் என்று வைத்துக்கொண்டாலும், மூன்று ஆண்டுச் சுழற்சியில் அவர் கேட்பது 36 ஞாயிறுகள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவற்றில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. வாராவாரம் தொடர்ந்து வருபவரை மனத்தில் வைத்துத்தான் 1969இல் அந்த வரிசை கோக்கப்பட்டது. போன வாரம் எங்கே விட்டோம், அடுத்த வாரம் என்ன வரும் என்ற தொடர்ச்சி அவருக்கு இல்லை. மாதத்துக்கு ஒரு முறை வருபவரும் அவரை வேலைக்கு வைத்திருப்பவரும் ஒரே வரிசை இருக்கையில் அமரக்கூடிய திருப்பலியில், விடுபட்ட வசனத்தை அடுத்த சுழற்சிக்கு ஒத்திவைக்க விளக்கம் எழுதுபவருக்கு வசதி இல்லை.